கீசர் தெர்மோஸ்டாட் இரண்டு வருடத்தில் மூன்றாவது முறை போய்விட்டது: மாற்றுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

நங்கநல்லூர்வாசி

வணக்கம். நேற்று காலை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 71 வயது. ஐந்தரை மணிக்கு கீசர் சுவிட்சைப் போட்டுவிட்டு, காபி குடித்து, வாசல் தெளித்து, பூ தொடுத்து முடித்து ஏழு மணிக்குக் குளிக்கப் போனார். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தவுடன் தண்ணீர் வரவில்லை. உஸ்ஸென்று ஒரு சீறல், அப்புறம் ஆவி, அதன் பின்னாலேயே கொதிநீர் தெறித்தது. வலது மணிக்கட்டில் பட்டுவிட்டது. கீசருக்கு நேர் கீழே தரையிலும் தண்ணீர் தேங்கி இருந்தது.

கீசர் 15 லிட்டர், 2000 வாட், சுவரில் நெட்டாக மாட்டியது, ஐந்து வருடப் பழசு. தண்ணீர் வேண்டிய அளவு சூடானதும் மின்சாரத்தை அணைக்கும் தெர்மோஸ்டாட்டை இரண்டு வருடத்தில் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. ஆறு மாதத்துக்கு முன்பு வேறொரு எலக்ட்ரீஷியன் வந்து ஏதோ சரி செய்தார், அதன் பிறகு தொந்தரவே இல்லாமல் ஓடியது. இப்போது அவரைக் கூப்பிட்டால், "தெர்மோஸ்டாட் போயிருக்கும், மாத்திடலாம் சார்" என்கிறார்.

எனக்கு ஸ்க்ரூடிரைவர், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும். தெர்மோஸ்டாட்டை நானே மாற்றலாமா? எந்த அளவு வாங்க வேண்டும்? ஏன் இப்படி அடிக்கடி போகிறது?

மாடித்தோட்டம்

கீசர் இருக்கட்டும், அம்மா கை எப்படி இருக்கிறது? சுட்டவுடனே சாதாரணக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ், பற்பசை, பேனா மை, மஞ்சள் எதுவும் வைக்காதீர்கள். கொப்புளம் வந்திருந்தால் உடைக்க வேண்டாம், இன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வயதானவர்களுக்குத் தோல் மெல்லிசு, மேலே பார்ப்பதைவிட உள்ளே ஆழமாகச் சுட்டிருக்கும்.

பழைய மெகர்

முதல் வேலையாக, மின்சார போர்டில் கீசருக்கென்று இருக்கும் தானாக விழும் சுவிட்சை, அதாவது எம்சிபியை, இறக்கி வையுங்கள். பாத்ரூம் வெளிச்சுவர் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வீட்டில் யாரும் தெரியாமல் போட்டுவிடாதபடி மேலே ஒரு தாள் ஒட்டிவிடுங்கள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்பில் 34 வருடம் இருந்தவன். நீங்கள் எழுதியதில் தெர்மோஸ்டாட்டை விட என்னைக் கவலைப்பட வைப்பது வேறு ஒன்று. தெர்மோஸ்டாட் கெட்டுப்போவது சகஜம். ஆனால் அது கெட்டாலும் தண்ணீர் கொதிக்கக் கூடாது. அதற்காகவே கட்-அவுட் என்று இன்னொரு சாதனம் உள்ளே இருக்கிறது. தெர்மோஸ்டாட் அணைக்கத் தவறினால், 90 டிகிரியை ஒட்டி கட்-அவுட் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். நாம் கையால் அழுத்தினால்தான் திரும்ப ஒட்டும். உங்கள் வீட்டில் ஆவி வரைக்கும் போயிருக்கிறது என்றால் கட்-அவுட் வேலை செய்யவில்லை, அல்லது அது அங்கே இல்லவே இல்லை.

எம்சிபி இறங்கியதை மல்டிமீட்டரில் உறுதி செய்துகொண்டு, கீழ் மூடியைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள் தம்பி. எதையும் தொட்டு மாற்ற வேண்டாம். நியான் டெஸ்டரை நம்பி உள்ளே கை வைக்காதீர்கள். அது எரியவில்லை என்பதால் மட்டும் மின்சாரம் இல்லை என்று ஆகிவிடாது. பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் அளந்து பாருங்கள்.

நங்கநல்லூர்வாசி

அம்மாவைக் காட்டிவிட்டேன், களிம்பு கொடுத்திருக்கிறார்கள், கொப்புளம் இல்லை. விசாரித்ததற்கு நன்றி அக்கா.

மூடியைக் கழற்றினேன். தொட்டியின் அடியில் ஒரு வட்டத் தகடு, அதில் ஆறு நட்டு. தகட்டின் நடுவில் தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்டின் இரண்டு முனைகள். ஒரு பக்கம் தெர்மோஸ்டாட்டின் கருப்புத் தலை, 75 வரை கோடு போட்ட சின்னத் திருகு. திருகு 75-இலேயே இருக்கிறது. அதற்கு எதிரில் அதே மாதிரி இன்னொரு தலை, அதில் சிவப்புப் பொத்தான். அதன் இரண்டு முனையிலும் ஒயரே இல்லை. அங்கே வர வேண்டிய இரண்டு ஒயரையும் முறுக்கி ஒன்றாகச் சேர்த்து கருப்பு டேப் சுற்றியிருக்கிறார்கள். டேப் உருகிப் பிசின் மாதிரி வழிந்து, தகட்டில் ஒட்டிக் காய்ந்துவிட்டது. அதைப் பிரித்தபோது உள்ளே செம்பு கறுத்து, ஒரு பக்கம் பச்சை பிடித்திருந்தது.

நீங்கள் சொன்னது அந்தச் சிவப்புப் பொத்தானையா ஐயா?

பழைய மெகர்

அதுதான். இதை நம் ஊரில் "டைரக்ட் கொடுத்துட்டேன்" என்று சொல்வார்கள். எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன், இன்றும் வயிறு பற்றி எரிகிறது.

ஆறு மாதத்துக்கு முன்பு என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். கட்-அவுட் அடிக்கடி துண்டித்திருக்கும், தண்ணீர் சூடாகவில்லை என்று அவரைக் கூப்பிட்டிருப்பீர்கள். ஏன் துண்டிக்கிறது என்று பார்க்காமல், துண்டிக்கிற சாதனத்தையே எடுத்துவிட்டார். கீசர் நன்றாக ஓடியது போல இருந்தது. பிறகு தெர்மோஸ்டாட்டுக்குள் தொட்டுப் பிரியும் இரண்டு காண்டாக்ட் முனைகளும் பற்றவைத்தது போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அணைக்க ஆளே இல்லை.

2000 வாட்டில் 15 லிட்டர் தண்ணீர் அறை வெப்பத்திலிருந்து 100 டிகிரி போக 40 நிமிடம்கூட ஆகாது. உங்கள் அம்மா போட்டுவைத்தது ஒன்றரை மணி நேரம். குளிர்நீர் வரும் பக்கம் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு இருப்பதால் உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, இன்னும் மேலே போகும். வீட்டு கீசர்களில் பாதுகாப்பு வால்வு பெரும்பாலும் 8 பார் அழுத்தத்தில் திறக்கிறபடி இருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 170 டிகிரிக்கு மேல் போனால்தான் கொதிக்கும். அப்படிப்பட்ட தண்ணீரை நாம் குழாயைத் திறந்து வெளியே விட்டால், அழுத்தம் விழுந்த அந்த நொடியே அதில் ஒரு பகுதி ஆவியாக வெடித்துக் கிளம்பும். அம்மா கேட்ட சீறல் அதுதான்.

தரையில் தேங்கிய தண்ணீர் அந்தப் பாதுகாப்பு வால்வு திறந்து விட்டது. தெர்மோஸ்டாட் இல்லை, கட்-அவுட் இல்லை, மூன்றாவது காவல் மட்டும் நின்றிருக்கிறது. நம் உப்புத் தண்ணீரில் அந்த வால்வும் அடைத்திருந்தால் தொட்டியே பிளந்திருக்கும். உங்கள் வீட்டுக்கு நல்ல நேரம்.

மேடவாக்கம் வயர்மேன்

நான் தொழில் பார்க்கிறவன், அதனால் மனசாட்சியோடு எழுதுகிறேன். நானும் ஆரம்பத்தில் இரண்டு மூன்று வீட்டில் டைரக்ட் கொடுத்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு போன் வரும், "ஸ்கூலுக்கு நேரமாச்சு, எப்படியாவது போட்டுக் கொடுத்துட்டுப் போங்க" என்பார்கள். கட்-அவுட் கையில் இருக்காது. சாயங்காலம் வந்து மாட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வருவேன். சாயங்காலம் கூப்பிட்டால், "இப்போ நல்லாத்தான் ஓடுது, எதுக்கு?" என்று கேட்பார்கள். அப்படியே விட்டுப்போகும்.

ஒரு நாள் பள்ளிக்கரணையில் ஒரு வீட்டில், வேறு யாரோ டைரக்ட் கொடுத்த கீசரின் தொட்டி அடிப்பக்கம் உப்பிப் போய் இருந்ததைப் பார்த்தேன். பாத்ரூமில் அப்போது யாரும் இல்லை. அன்றிலிருந்து கட்-அவுட் இல்லாமல் ஒரு கீசரையும் ஆன் செய்து கொடுப்பதில்லை. பையில் எப்போதும் இரண்டு வைத்திருக்கிறேன், விலை ஒன்றும் பெரிதில்லை. சூடாகவே வேண்டாம், அடுப்பில் வெந்நீர் வையுங்கள் என்று சொல்லிவிட்டு எம்சிபியை இறக்கிவிட்டு வந்துவிடுவேன். சில பேர் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

எலக்ட்ரீஷியன் வேலை முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கட்-அவுட் லைன்ல இருக்கா?" அந்தக் கேள்வியைக் கேட்டாலே பாதிப் பேர் தப்பு செய்யத் தயங்குவார்கள்.

நங்கநல்லூர்வாசி

அண்ணா, ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. அப்படியானால் கட்-அவுட் ஏன் அடிக்கடி துண்டித்தது? தெர்மோஸ்டாட் ஏன் இரண்டு முறை போனது? இரண்டுக்கும் ஒரே காரணமா?

மாடித்தோட்டம்

உங்கள் வீட்டில் போர் தண்ணீரா, மெட்ரோ தண்ணீரா? எங்களுக்கு வேளச்சேரி. மெட்ரோ தண்ணீர் சம்ப்பில் விழுவது குடிக்கவும் சமைக்கவும் மட்டும், குளிக்க முழுக்க போர். பாத்ரூம் டைல்ஸில் வெள்ளைப் படலம், ஷவர் ஓட்டையெல்லாம் அடைப்பு, பக்கெட் விளிம்பில் சுண்ணாம்பு. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்று வைத்திருக்கிறார்கள். எங்கள் போர் தண்ணீரைச் சோதித்தபோது 780 வந்தது. அதே சுண்ணாம்புதான் கீசருக்குள் எலிமென்ட்டில் ஓடு மாதிரி படிகிறது.

முதல் முறை எங்கள் கீசரைத் திறந்தபோது எலிமென்ட் எது, சுண்ணாம்பு எது என்றே தெரியவில்லை. தொட்டிக்குள் கையை விட்டு இரண்டு கைப்பிடி அள்ளினேன், கிளிஞ்சல் உடைத்த மாதிரி சில்லு சில்லாக.

பழைய மெகர்

மாடித்தோட்டம் அம்மா சொன்னதில்தான் விடை இருக்கிறது. தம்பி, ஒரே காரணம்தான்.

உங்கள் தெர்மோஸ்டாட் கம்பி வகை. வெளியே பித்தளைக் குழாய், உள்ளே இன்வார் என்ற உலோகக் கம்பி. இன்வார் என்பது இரும்போடு சுமார் 36 சதவீதம் நிக்கல் சேர்த்த கலவை, சூட்டில் கிட்டத்தட்ட விரியவே விரியாது. 1896-இல் அதைக் கண்டுபிடித்த கியோம் என்பவருக்கு 1920-இல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பித்தளை விரியும், இன்வார் விரியாது. அந்த மயிரிழை வித்தியாசம் உள்ளே இருக்கும் சுவிட்சை இழுத்து டக்கென்று அணைக்கும். அவ்வளவு எளிய, அழகான சாதனம் அது.

இந்தக் கம்பி தண்ணீரில் நேரடியாக நனையாது. எலிமென்ட்டுக்கு நடுவில் ஒரு மூடிய குழல் இருக்கிறது, அதற்குள் உட்கார்ந்திருக்கும். குழலைச் சுற்றித் தண்ணீர் ஓடினால் தண்ணீரின் சூட்டை அது சரியாக அறியும். சுண்ணாம்பு வளர்ந்து எலிமென்ட்டுக்கும் குழலுக்கும் நடுவே பாலம் போட்டுவிட்டால்? எலிமென்ட்டின் சூடு நேராகக் குழலுக்கு ஏறும். தண்ணீர் இன்னும் 40 டிகிரிதான், ஆனால் தெர்மோஸ்டாட் 75 வந்துவிட்டது என்று நினைத்து அணைக்கும். கொஞ்ச நேரத்தில் குழல் ஆறும், திரும்பப் போடும். ஒரு முறை அணைய வேண்டிய இடத்தில் இருபது முறை அணைந்து எரியும். ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் துண்டாகும்போது காண்டாக்ட்டில் பொறி. தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் சேராமல் போகும், இன்னொரு நாள் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும். பக்கத்துக் குழலில் இருக்கும் கட்-அவுட்டும் இதே தவறான சூட்டில் துண்டிக்கும். அதாவது கட்-அவுட் உங்களுக்கு ஆறு மாதத்துக்கு முன்பே தகவல் சொல்லியிருக்கிறது.

நங்கநல்லூரிலும் போர் தண்ணீர்தானே? அப்படியானால் தெர்மோஸ்டாட்டை மட்டும் மாற்றினால் நான்காவது முறையும் வருவீர்கள்.

புதுக்குடித்தனம்

இதற்கு பதில் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் வாங்கிவிட்டால் தொல்லை இல்லையே?

மேடவாக்கம் வயர்மேன்

அது 3000 வாட், 13 ஆம்பியர் இழுக்கும். பழைய அடுக்குமாடிகளில் பாத்ரூமுக்குப் போகும் ஒயர் அதைத் தாங்குமா என்று பார்க்காமல் மாட்டக்கூடாது. சுண்ணாம்பு அதிலும் படியும், இடம் சின்னது என்பதால் இன்னும் வேகமாக அடைக்கும்.

கே.கே.நகர் அண்ணன்

தெர்மோஸ்டாட் பற்றிய பேச்சு என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். என் தங்கை மாண்ட்ரியலில் இருக்கிறாள். அங்கே வீட்டைச் சூடாக்க சுவர் ஓரமாக, தரையை ஒட்டி நீளமான மின்சார ஹீட்டர் வைத்திருப்பார்கள், ஒவ்வொரு அறைக்கும் தனித் தெர்மோஸ்டாட். போன ஜனவரியில் வெளியே மைனஸ் 20, படுக்கையறை தெர்மோஸ்டாட் வேலை செய்யவில்லை என்று வீடியோ காலில் காட்டினாள். "ஆஃப்ல வெச்சுட்டேன், கழட்டவா அண்ணா?" என்று கேட்டாள். நல்ல வேளை, வேண்டாம் என்று தடுத்தேன்.

அங்கே ஹீட்டருக்கு 240 வோல்ட். நம் ஊர் போல ஒரு பேஸ், ஒரு நியூட்ரல் கிடையாது. வருகிற இரண்டு ஒயரிலும் மின்சாரம் உண்டு. தெர்மோஸ்டாட் ஒற்றைத் துருவ வகையாக இருந்தால் ஒரு ஒயரை மட்டும் துண்டிக்கும், ஹீட்டர் அணைந்துவிடும், ஆனால் இன்னொரு ஒயர் உயிரோடு இருக்கும். இரட்டைத் துருவ வகை இரண்டையும் துண்டிக்கும். போன் வழியாக இயக்குகிற நவீன தெர்மோஸ்டாட்களில் நிறைய 24 வோல்ட்டுக்குச் செய்தவை, அவற்றை இந்த ஹீட்டருக்கு இணைக்கவே கூடாது, 240 வோல்ட்டுக்கென்றே வருவதைத்தான் வாங்க வேண்டும். அறையில் இரண்டு ஹீட்டர் இருந்தால் இரண்டின் வாட்டையும் கூட்டி, அந்த ஆம்பியரைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். கடைசியில் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வரவழைத்து மாற்றினாள்.

நம் கீசரிலும் தெர்மோஸ்டாட் ஒரு ஒயரைத்தான் துண்டிக்கிறது. அது அணைந்திருப்பதை வைத்து உள்ளே மின்சாரம் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பாத்ரூம் சுவிட்ச் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் டிபி சுவிட்சாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பழைய மெகர்

சரியாகச் சொன்னீர்கள். கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன்: எம்சிபி ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆளைக் காப்பாற்ற, மின்சாரம் கசிந்தவுடன் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும். நங்கநல்லூர் பக்கம் பழைய வீடுகளில் அது இருக்காது. தம்பி, உங்கள் போர்டில் டெஸ்ட் என்று எழுதிய சின்னப் பொத்தான் இருக்கிறதா?

நங்கநல்லூர்வாசி

இல்லை ஐயா. எம்சிபி மட்டும்தான்.

பழைய மெகர்

அப்படியானால் கீசரை விட அதற்கு முதலில் செலவு செய்யுங்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் மட்டும் மாற்றுவதாக இருந்தால் தண்ணீர் வடிக்கத் தேவையில்லை, குழல் உலர்ந்த குழல். ஒயரை எடுப்பதற்கு முன் போனில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். பழைய கம்பியை உருவி, அதன் நீளத்தை அளந்து, அதையே கடைக்குக் கொண்டுபோங்கள். புதிது குட்டையாக இருந்தால் சூட்டைச் சரியாக அறியாது, நீளமாக இருந்தால் உட்காராது. குறைந்தது 16 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்க வேண்டும், 20 இருந்தால் இன்னும் நல்லது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாததைத் தொடாதீர்கள். முனைத் திருகை நன்றாக இறுக்குங்கள், லூசான திருகே பாதி தெர்மோஸ்டாட்டைக் கொல்லுகிறது. கறுத்த ஒயர் நுனியை வெட்டி, புது லக்கு (ஒயர் நுனிக்கான உலோக முனை) போட்டு மாட்டுங்கள்.

உங்கள் வீட்டில் எலிமென்ட்டையும் வெளியே எடுத்தாக வேண்டும், அதற்குத் தொட்டியை வடிக்க வேண்டும். எலிமென்ட்டின் இரு முனைக்கு நடுவே மல்டிமீட்டரில் 26 ஓம் வர வேண்டும், 230-ஐ 230-ஆல் பெருக்கி 2000-ஆல் வகுத்தால் வருவது. முனைக்கும் வெளி உலோகத்துக்கும் நடுவே எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. மல்டிமீட்டர் சுத்தம் என்று சொன்னாலும், மெகர் என்ற கசிவு சோதிக்கும் கருவியை வைத்து 500 வோல்ட்டில் ஒரு முறை பாருங்கள். மல்டிமீட்டரின் சின்ன பேட்டரிக்குத் தெரியாத கசிவு மெகருக்குத் தெரியும். மெகர் உங்களிடம் இருக்காது, அந்த ஒரு வேலைக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மாடித்தோட்டம்

சுண்ணாம்பு எடுக்க பாத்ரூம் ஆசிட் ஊற்றாதீர்கள், தொட்டியின் உட்பூச்சையும் எலிமென்ட்டையும் தின்றுவிடும். எலுமிச்சை உப்பு என்று கடையில் கேளுங்கள், சிட்ரிக் ஆசிட் அதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து எலிமென்ட்டை இரவு முழுக்க ஊற வைத்தால் காலையில் தானே உதிரும். மக்னீசியக் கம்பி ஒன்று உள்ளே இருக்கும், துருப்பிடிப்பதைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு தொட்டியைக் காப்பது அது. எங்கள் தண்ணீரில் வருடத்துக்கு ஒன்று கரைந்துபோகிறது.

அப்புறம் திருகை 75-இல் வைக்காதீர்கள். 50, 55 போதும். 60-க்கு மேல் போகப் போகச் சுண்ணாம்பு படிவது கூடுகிறது. கரண்டும் மிச்சம். 15 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 70-க்கு ஏற்ற 0.73 யூனிட், 55-க்கு ஏற்ற 0.47. நாளைக்கு இரண்டு தொட்டி என்றால் இரண்டு மாத பில்லில் 31 யூனிட் குறையும்.

ஆய்வகம்

அக்கா, சுண்ணாம்பு பற்றிச் சொன்னது சரி, 31 யூனிட் கணக்கு மட்டும் சரியில்லை. 70 டிகிரி தண்ணீரை யாரும் அப்படியே ஊற்றிக்கொள்வதில்லை, பக்கெட்டில் பச்சைத் தண்ணீர் கலக்கிறோம். அதிகச் சூடு என்றால் கீசரிலிருந்து கொஞ்சமாக எடுப்போம், குறைந்த சூடு என்றால் கூடுதலாக எடுப்போம். குளிக்கத் தேவையான மொத்தச் சூடு மாறாது. மிச்சமாவது தொட்டியிலிருந்து வீணே கசியும் சூடு மட்டும். அது கொஞ்சம்தான்.

இன்னொரு விஷயம். நான் நுண்ணுயிரியல் கற்பிக்கிறேன். நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி தண்ணீரில் நன்றாக வளரும், 60-இல் சாகும். சுடுதண்ணீர்த் தொட்டியை 60-இல் வையுங்கள் என்று பல நாடுகளில் சொல்வது இதனால். 50 போதும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

பழைய மெகர்

60 டிகிரி தண்ணீர் ஐந்து நொடி பட்டாலே பெரியவர்களுக்குக் கொப்புளம் வரும் சூடு. 50-இல் அதற்குச் சில நிமிடம் ஆகும். வழுக்கிக் குழாயைப் பிடித்துக்கொள்ளும் வயதில் இருக்கும் ஒருவருக்கு அந்த வித்தியாசம் பெரியது.

ஆய்வகம்

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. உங்கள் கவலையும் நியாயம், என் கவலையும் நியாயம். 15 லிட்டர் தொட்டி தினமும் முழுக்கக் காலியாகி நிரம்புகிற வீட்டில் தண்ணீர் தேங்குவது குறைவு, 50-55 சரி. ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினால், 60-க்கு மேல் ஏற்றி முதல் தொட்டித் தண்ணீரை முழுக்க வெளியே விட்டுவிடுங்கள். பத்துப் பேருக்குப் பெரிய தொட்டி வைக்கிற விடுதி என்றால் 60 வேண்டும், குழாயில் கலந்து விடும் வால்வும் வேண்டும். நம் ஊரில் நான் கீசரை விட அதிகம் பயப்படுவது மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டியைத்தான். சித்திரை வெயிலில் அந்தத் தண்ணீர் எந்த கீசரும் இல்லாமலே வெதுவெதுப்பாகிக் கிடக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழுவுங்கள்.

நங்கநல்லூர்வாசி

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன்.

முதலில் ஆர்சிசிபி மாட்டியாகிவிட்டது. பழவந்தாங்கலில் இருந்து மெகர் வைத்திருக்கும் ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். தொட்டியை வடித்து, ஆறு நட்டையும் கழற்றி, இருவரும் சேர்ந்து தகட்டை இறக்கினோம். இறங்க மறுத்தது. எலிமென்ட் மேல் சுண்ணாம்பு அவ்வளவு தடிமன், தொட்டியின் வாயில் சிக்கிக்கொண்டது. மெதுவாக ஆட்டி ஆட்டி எடுத்தால், பழுப்பும் வெள்ளையுமாகப் பனங்கிழங்கு மாதிரி ஒரு கட்டி. ஐயா சொன்ன பாலம் கண்ணால் பார்க்கிற மாதிரியே இருந்தது. எலிமென்ட்டின் வளைவும் இரண்டு குழலும் ஒரே கல்லாகச் சேர்ந்துவிட்டன. மக்னீசியக் கம்பி இருந்த இடத்தில் தென்னை ஈர்க்கு மொத்தத்தில் ஒரு உலோக நரம்புதான் மிச்சம்.

இரு முனைக்கு நடுவே 26.8 ஓம் வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். மெகர் வைத்தவுடன் எர்த்துக்குக் கசிவு காட்டியது. என் மல்டிமீட்டர் அதைச் சொல்லவே இல்லை. அம்மா தினமும் ஈரக் கையோடு பிடித்த குழாய் அது. எர்த் ஒயர் ஒழுங்காக இருந்ததால் இதுவரை எதுவும் ஆகவில்லை என்று அவர் சொன்னார். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

எலிமென்ட், தெர்மோஸ்டாட், கட்-அவுட், மக்னீசியக் கம்பி, ரப்பர் கேஸ்கெட், பாதுகாப்பு வால்வு எல்லாம் புதிது. பழைய தெர்மோஸ்டாட்டை அறை வெப்பத்தில் வைத்து, திருகைக் கடைசி வரைக்கும் குறைத்துவிட்டு, கம்பியைக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தில் பிடித்து அளந்தேன். அப்போதும் பிரியவில்லை, மீட்டர் பூஜ்யத்திலேயே நின்றது. புதியதை அதே பாத்திரத்தில் பிடித்தபோது டக்கென்று சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற அம்மாவுக்கும் கேட்டது.

தொட்டி நிரம்பிக் குழாயில் காற்று இல்லாமல் தண்ணீர் வந்த பிறகுதான் சுவிட்சைப் போட்டோம். திருகு 55-இல். 15 நிமிடத்தில் அணைந்தது. தெர்மாமீட்டரில் குழாய்த் தண்ணீர் 53.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். புது வால்விலிருந்து சூடாகும்போது தண்ணீர் சொட்டுகிறது, அணைந்த பிறகு நின்றுவிடுகிறது. வால்வு மோசமா? வந்தவர் வேண்டுமானால் ஒரு மூடி போட்டு அடைத்துவிடலாம் என்றார். வேண்டாம், கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

பழைய மெகர்

அடைக்கவே கூடாது தம்பி. கேட்டது நல்லதாயிற்று. தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் 28-இலிருந்து 55-க்குப் போனால் ஏறக்குறைய 160 மில்லி கூடும், ஒரு டம்ளர் தண்ணீர். திரும்பிப் போக வழியில்லாததால் வால்வு வழியாக வெளியே வருகிறது. சூடாகும்போது சொட்டி, ஆறியதும் நிற்கிறது என்றால் சரியாக வேலை செய்கிறது. அணைத்து வெகுநேரம் கழித்தும் சொட்டிக்கொண்டே இருந்தால் மட்டும் எழுதுங்கள். வால்வின் வாயில் ஒரு சின்ன ரப்பர் குழாயைச் செருகி, தரை ஜாலி வரைக்கும் கீழ்நோக்கி விட்டுவிடுங்கள். குழாயின் நுனி திறந்தே இருக்கட்டும்.

நங்கநல்லூர்வாசி

விட்டுவிட்டேன் ஐயா. அம்மா இன்று அந்தக் குழாய்க்குக் கீழே ஒரு சொம்பு வைத்துப் பார்த்திருக்கிறார். அரை டம்ளருக்கும் மேல் இருந்தது என்று சொல்லச் சொன்னார்.